லா சப்பலின் முந்திரிகைத் தோட்டம்

மாமா பாரிசின் லா சப்பல் பகுதியில் பலசரக்குக் கடை போடத் தீர்மானித்து, அப்பாவையும் கூட்டுச் சேரக் கேட்டிருந்தார். ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு இங்கே கடை எதற்கு என்று அப்பா மறுத்துவிட்டார். நான் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உணவகத்தில் கோப்பை கழுவிக் கை வெடித்துப்போன மனிதர் சொந்தக் கடையை வேண்டாம் என்றதில் அம்மாவுக்கு ஆத்திரம். அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தேநீர்கூட என் வழியாகத்தான் போனது.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் ஊர்ச்சங்க ஆண்டுவிழா வந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி, தலைப்பு ‘எனது ஊர்’. பாரிசில் பிறந்த நாங்கள், பார்க்காத ஊரின் கோயிலையும் குளத்தையும் கண்ணால் கண்டதுபோலப் புகழ வேண்டும். பெற்றோரே எழுதித் தந்து, பெற்றோரே கேட்டுக் கண்ணைத் துடைப்பார்கள். அப்பா எனக்கு எழுதியதில் பனைமரத்துக்கு மட்டுமே ஒரு பக்கம்.

மேடையேறி வணக்கம் சொன்னதோடு எல்லாம் மறந்துபோயிற்று. முன்வரிசையில் இருந்து அப்பா உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார், விளங்கவில்லை. வாயில் கொழுக்கட்டையோடு நிற்பதைவிட இது மேல் என்று, அந்த வாரம் ஆசிரியை எங்களைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்ச் சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன்.

எனது ஊர் லா சப்பல். முன்னொரு காலத்தில் இது பாரிசுக்கு வெளியே இருந்த கிராமம். சென் தெனி என்ற புனிதரின் கல்லறைக்கு நடந்துபோனவர்களுக்கு வழியில் ஒரு சிற்றாலயம் இருந்தது. அதைச் சுற்றி வீடுகள் வந்தன. எங்கள் வீட்டில் முந்திரிகை என்று சொல்லும் திராட்சையை அங்கே பயிரிட்டார்கள். பிறகு ரயில் வந்தது, தோட்டம் போனது, பாரிஸ் ஊரை விழுங்கியது. பிறகு நாங்கள் வந்தோம்.

மண்டபம் சிரித்தது. பிள்ளைக்கு ஊர் மாறிவிட்டது என்று சங்கத் தலைவர் ஒலிவாங்கியிலேயே சொன்னார். பரிசு வேறொரு பெண்ணுக்குப் போனது. அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது.

மெத்ரோ ரயிலால் இறங்கியதும் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்தில் நின்றார்.

“முந்திரிகைத் தோட்டம் எந்தப் பக்கம் இருந்ததாம்?”

எனக்கு எங்கே தெரியும்? தண்டவாளங்களைக் காட்டி, “அங்கை,” என்றேன்.

“நல்லாக் காய்ச்சதாமோ?”

“ஓம் அப்பா.” ஆசிரியை அதைச் சொல்லவே இல்லை.

ஊரில் தோட்டம் செய்து வாழ்ந்தவரின் மகனான அப்பா கம்பியில் சாய்ந்து கீழே வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப பிழையில்லாத மண்தான்.”

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, கடையின் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று விசாரித்தார். அடுப்படியில் அம்மா அகப்பையும் கையுமாக அப்படியே நின்றார். நானோ, அப்பாவுக்கு என்மேல் கோபம் தணியவில்லை, அதுதான் வேறு கதை பேசுகிறார் என்று நினைத்துச் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.