வரப்பில் குந்தியிருந்தவள்

எங்கள் கரும்பு வெட்டுக் கூட்டத்தில் பொன்னுத்தாய் அக்காவுக்குக் 'குந்துபொன்னு' என்று பட்டப்பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். எறையூர்ப் பக்கம் வெட்டு எடுக்கும் மேஸ்திரி ராசாங்கம். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் என்பதால் எனக்கு மாமா முறை. அக்கா எனக்கு ஓரகத்தி. மரியாதை குறையாமல்தான் சொல்ல நினைக்கிறேன். எவ்வளவு தூரம் முடியுமோ தெரியவில்லை.

அக்கா பிறந்தது மீன்சுருட்டியில். பள்ளிக்கூடத்தில் ஓடச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவாளாம். வேஷக்காரி என்று அங்கேயே பெயர் வாங்கியவள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அரிவாள் பிடிப்பதில் யாருக்கும் சளைத்ததில்லை. கட்டுத் தூக்கத் தொடங்கினால்தான் வினை. தலையில் கரும்புக் கட்டோடு பலகையில் ஏறி டிராக்டர் பெட்டியில் போட்டுவிட்டு இறங்குவாள். நாலைந்து நடை போனதும் இருமல் பிடித்துக்கொள்ளும். நெஞ்சை அழுத்திக்கொண்டு வரப்பில் போய்க் குந்திவிடுவாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதவள் போல எழுந்து வருவாள்.

அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. மூச்சிழுப்பு என்றால் ராத்திரி படுக்க விடாது, வீடே விழித்திருக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இவளோ நன்றாகத் தூங்கினாள்.

"குந்துனா சரியாப் போயிடுது, கட்டப் பாத்தா நெஞ்சு அடைக்குது. நல்ல நோவுடி இது!" என்பார் மாமா. கூட்டம் சிரிக்கும். பெண்டாட்டிக்கு இடம் கொடுக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதற்காகவே மற்றவர்களை ஒரு பங்கு திட்டினால் அவளை மூன்று பங்கு திட்டுவார். அக்கா அடுத்த கட்டைத் தூக்கப் போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் மகள் சிவரஞ்சனி எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். தினமும் பஸ்ஸில் பெரம்பலூருக்குக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். ஓட்டம் முடிந்ததும் அவளுக்கும் அதே இருமல். கோச் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் கூடப் போனார்கள். டாக்டர் அவளை மாடிப்படியில் ஏறி இறங்க விட்டு, முன்னும் பின்னும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். உடம்பை வருத்தும்போது மூச்சுக்குழாய் சுருங்குகிற ஆஸ்துமா, உட்கார்ந்தால் பெரும்பாலும் தானாக விட்டுவிடும் என்றார். ஓடுவதற்கு முன்னால் வாயில் அடித்துக்கொள்ள மருந்துப் பம்பு எழுதிக் கொடுத்தார். மாமா சும்மா இருப்பாரா? மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் மாத்திரை என்று ஊரில் காதில் விழுந்ததையெல்லாம் கேட்டிருக்கிறார்.

"சாப்பிடட்டும், தப்பில்ல. ஆனா அதை நம்பிப் பம்பை விட்டுடக் கூடாது" என்றார் டாக்டர்.

கிளம்பும்போது அக்கா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "இது ஓடுறவங்களுக்கு மட்டும்தான் வருங்களா சார்?"

"ஓடணும்னு இல்லம்மா. பாரம் தூக்குறவங்களுக்கும் வரும். ஏன், உங்களுக்கு இருக்கா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். "அவளுக்கு ஒண்ணும் இல்லிங்க சார்" என்று மாமா எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "புவனா, நான் சோம்பேறி இல்லடி" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். இத்தனை வருஷமாக அவளே தன்னைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீயும் போய்க் காட்டுக்கா. நான் கூட வரேன்."

"வெட்டு முடியட்டும்டி. அதுக்கு முன்னாடி ஒங்க மாமா கூட்டத்துல ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவளுக்கு நோவு, சோம்பேறி இல்லன்னு."

மாமா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

மீன் மாத்திரை டப்பா மகளின் கோப்பைகளுக்குப் பக்கத்தில் ஷோகேஸில் ஏறியது. வருகிறவர்களிடமெல்லாம் மாமா அதைப் பெருமையாக எடுத்துக் காட்டுவார். வெட்டுக்கு வரும் நாளெல்லாம் அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினாள். மகளின் பம்பைக் கேட்க மனசில்லை. மாத்திரையே தன்னைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினாள். "தேன் சொட்டாட்டம் இருக்கு பாரு" என்று ஒருநாள் என்னிடம் காட்டிச் சிரித்தாள். டப்பா சீக்கிரம் காலியானதும் பிடிபட்டாள்.

"ஓடுற புள்ளைக்கு வாங்குனது குந்துறவளுக்கு எதுக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினார் மாமா.

"அம்மாவும் சாப்புடட்டும்ப்பா. மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சிவரஞ்சனி சண்டை போட்டாள். வெட்டு முடியட்டும் என்றுதான் அவளுக்கும் பதில் கிடைத்தது. அதற்கப்புறம் வாங்கிய டப்பாவை அக்கா தொடவில்லை.

தை மாதம். பனி விலகாத காலை. பக்கத்துக் கொல்லையில் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தியிருந்தார்கள். புகை எங்கள் பக்கம் வந்தது. ஆலைக்கு வண்டி போயாக வேண்டும் என்று மாமா விரட்டிக்கொண்டிருந்தார். அக்கா கட்டைப் போட்டுவிட்டு இறங்கி வரப்புக்குப் போவதை எல்லோரும் பார்த்தோம். "குந்திட்டாப்பா" என்று யாரோ சிரித்தார்கள். எப்போதும் எழுந்து வருகிறவள்தானே என்று அவரவர் வேலையைப் பார்த்தோம். பெட்டி நிறைந்தது. கயிறு போட்டுக் கட்டினோம்.

"போதும் எந்திரிடி, சோறு திங்க வா" என்று வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார் மாமா.

அக்கா எழவில்லை. முட்டியில் தலையைக் கவிழ்த்தபடியே இருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டதும் சாய்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள்.

கருமாதி அன்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தோம். மாமா ஷோகேஸிலிருந்து பிரிக்காத புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். "ஆச தீர தின்னட்டும்" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. டப்பாவை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா ஆசப்பட்டது இது இல்ல மாமா. ஒங்க வாயால ஒரு வார்த்த. கூட்டம் பூரா இங்கதான் நிக்குது. இப்பவாவது சொல்லுங்க."

மாமா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அக்காவின் படத்தைப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி சோம்பேறி..." என்று தொடங்கியவருக்கு அதற்குமேல் குரல் வரவில்லை. டப்பாவோடு இலைக்கு முன்னால் குந்திவிட்டார்.

மிச்சத்தைச் சிவரஞ்சனிதான் சொல்லி முடித்தாள்.

"இல்ல."