சோடா மூடியில் தொடங்கிய கட்டுரை

அகழாய்வுக் குழியில் அவளுக்குச் சல்லடைக்காரி என்று பெயர். வெட்டியெடுத்த மண்ணைச் சலித்து, ஓட்டுச் சில்லையும் பாசிமணியையும் பொறுக்குவது அவள் வேலை. ஒரு மணி கைநழுவிப் போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள், அண்மைக்கால அகழாய்வுகளைப் பற்றிப் புது எழுத்தாளர்களுக்குக் கட்டுரைப் போட்டி, தேர்வானவை புத்தகமாக வரும் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? சமையலறையில் உட்கார்ந்து எழுதியே தீர்த்தாள்.

"நீ எழுத்தாளர்னா அப்ப நான் யாரு, மந்திரியா?" என்றார் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் கணவர்.

"மந்திரியாவே இருங்க. அந்த வெங்காயத்தை மட்டும் உரிச்சு வைங்க."

கட்டுரையை அனுப்பிச் சில நாளில் போட்டி நடத்தும் இளைஞர் போனில் கூப்பிட்டார். ஆள் நல்ல மாதிரிதான்.

"அக்கா, எழுத்து நல்லா இருக்கு. ஆனா எல்லாம் தலைகீழா இருக்கே. முதல் பக்கத்துல சோடா மூடி, கடைசிப் பக்கத்துல ஆதி மனுஷன். வரிசையை மாத்திக் குடுங்க. இல்லைன்னா நடுவருங்க ஒதுக்கிடுவாங்க. நாளைக்குத்தான் கடைசி நாள்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. குழியில் முதலில் அகப்படுவது நேற்றைய குப்பை. இறங்க இறங்கத்தான் பழசு. கை அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டிருக்கிறது, அவளுக்கே தெரியாமல்.

அன்று சாயங்காலமே மாற்றிப் பார்த்தாள். ஆள் கால் படாத கன்னி மண்ணில் ஆரம்பித்து, அதன்மேல் முதன்முதலாக மூட்டிய அடுப்பைச் சொல்லி, படிப்படியாக ஏறி வந்தால் கட்டுரை சோடா மூடியில் வந்து சப்பென்று நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே கோபமும். அடுத்து என்ன வருமோ என்று ஏங்கி ஏங்கி இறங்கியதை முதல் வரியிலேயே போட்டு உடைத்தால் அப்புறம் எவன் படிப்பான்?

"மாத்த மாட்டேங்க," என்றாள் கணவரிடம்.

"புத்தகத்துல வராமப் போயிடுமே?"

"போகட்டும். மாத்தினா அது என் கட்டுரையே இல்ல."

காலையில் அவளே போன் செய்தாள். "தம்பி, தலைப்புக்குக் கீழ ஒரே ஒரு வரி சேர்த்துக்குங்க. 'குழியில் இறங்குவதுபோல் படிக்கவும்.' வேற எதையும் தொடக்கூடாது. ஒதுக்கினா ஒதுக்கட்டும்."

பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் புத்தகம் வீடு தேடி வந்தது. கணவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் கடுகடுவென்று ஆனது. அவள் கட்டுரை, ஒரு எழுத்துக்கூட மாறாமல், எல்லாருக்கும் பின்னால் இருந்தது.

"கொண்டுபோய்க் கடைசியில தள்ளிட்டானுங்களே! அவனுங்களைச் சும்மா விடக்கூடாது."

அவள் புத்தகத்தை வாங்கித் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அடியில இருக்கறவங்கதாங்க முதல்ல குடிவந்தவங்க," என்றாள்.