வேரோடு எடுத்த வேம்பு

மன்னாரில் என்னைப்போல் மரம் வெட்ட ஆளில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், மீள்குடியேற்றக் காலத்தில் இரண்டு இயந்திர வாளும் நாலு ஆட்களும் வைத்துத் தொழில் நடத்தினேன். நான் வெட்டினால் அடிக்கட்டை மிஞ்சாது. வேரையும் கிளறியெடுத்து நிலத்தை மட்டமாக்கிக் கொடுப்பேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து அடம்பனுக்குத் திரும்பிய ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். வீடு இருந்த தடமே இல்லை. ஷெல் பட்டுக் கருகிய வேம்பு மட்டும் நின்றது.

“பட்ட கொப்பை மட்டும் தறியுங்கோ அண்ணை.”

“உள்ளுக்கு உக்கிக் கோறையாப் போச்சு, தங்கச்சி. எனக்கு மரம் படிப்பிக்காதேங்கோ.”

அவர் சந்தைக்குப் போய் வருவதற்குள் வேரோடு எடுத்துவிட்டேன். திரும்பி வந்தவர் அப்படியே குந்திவிட்டார்.

“காணி உறுதிப் பத்திரம் படகில போகேக்க கடலோட போட்டுது அண்ணை. இந்த வேம்பை வச்சுத்தான் எல்லையைக் காட்ட இருந்தனான்.”

மாரி முடிந்துதான் நில அளவைக்காரர் காணி அளக்க வந்தார்கள். மரம் நின்ற இடத்தை நானே போய்க் காட்டினேன். பக்கத்துக் காணிக்காரர் வேலியை அந்தப் பெண்ணின் காணிக்குள் தள்ளிப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“எங்க, ஒரு வேரைக் காட்டுங்கோ பாப்பம்.”

மத்தியானம் வரை மூன்று இடத்தில் கிண்டினேன். என் வேலை சுத்தமான வேலை. ஒரு வேர்கூட அகப்படவில்லை.