சத்தமில்லாத ஜீப்

இருபத்தொரு வருடங்களாக, புனித எலியா திருநாளன்று மலையுச்சிக் கோயிலுக்குச் செம்புக் கொப்பரையை ஏற்றிப் போனது வெலினின் ஜீப்தான். ஊர் முழுவதற்குமான ஆட்டுக்கறி அந்தக் கொப்பரையில் வேகும். அதைச் சுமக்கும் வண்டி முன்னால் போகும். மற்றவை அதன் புழுதியைத் தின்றபடி பின்னால் வரும். இந்த வருடம் மனோல் ஏற்றட்டும் என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. அவன் ஜீப் ஓடுவதே தெரியவில்லையாம், அவ்வளவு அமைதியாம்.

வெலின் ரோடோப்பி மலைக்காடுகளில் முப்பது வருடம் மரலாரி ஓட்டியவன். ஊரில் எந்தப் பழைய ஜீப் நின்றாலும் அவன் வாசலுக்குத்தான் வரும். பக்கத்து வீட்டு மனோல் மட்டும் வரவில்லை. மனைவி இறந்தபின், ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை வாங்கி, எண்ணெய் படிந்த ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானே பிரித்தான், தானே மாட்டினான். கூப்பிட்டிருந்தால் வெலின் சலித்துக்கொண்டே போயிருப்பான். கூப்பிடாததுதான் உள்ளே தைத்தது.

திருநாளுக்கு முந்தின நாள் மதியம், குடைமிளகாய்க்குள் அரிசியை அடைத்துக்கொண்டே வெலினின் மனைவி நெவ்யானா சொன்னாள்: "நாளைக்கு மனோல் வண்டிக்கும் நான்தான் தண்ணி ஊத்தணுமாம். அவன் வீட்டுல பொம்பளைன்னு யாரு இருக்கா, பாவம்."

புறப்படும் வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பெண் தண்ணீர் ஊற்றுவாள். பயணமும் அந்தத் தண்ணீரைப் போல் தடையின்றி ஓட வேண்டும் என்று.

"பாவமா? அவனா?"

"என்ன அமைதியா போகுது அந்த வண்டி! நம்ம வண்டி வர்றது பால் கடை வரைக்கும் கேக்குது."

அந்த அமைதியைப் பற்றி வெலினுக்கு மட்டும் ஒன்று தெரியும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைத்தால் சத்தம் அடங்கும். ஆனால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது, நீண்ட ஏற்றத்தில் கருகும். பிரித்து மாட்டிய பிறகு மனோல் கடைக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டியிருக்கிறான், இன்னும் மலையேறவில்லை. ஒரு மாதமாக வேலிக்கு இப்பால் நின்று வெலின் கேட்டிருந்தான். பொறாமைப்படுகிறவனைப் போல் கவனமாகக் கேட்பவன் கிடையாது. நண்பனுக்கு அந்தப் பொறுமை வராது.

சும்மா இருந்தால் போதும். மலைப்பாதையில், ஊற்றைத் தாண்டி மூன்றாம் வளைவில் அது நின்றுவிடும். எல்லோரும் பார்க்க, கொப்பரை வெலினின் வண்டிக்கு மாறும். எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்த காட்சி. இன்று மட்டும் அதில் புதிதாக ஒரு குரல் கேட்டது: "தண்ணி ஊத்தினது யாரு? நெவ்யானாவா? அவ கைராசி அப்படி."

விடிந்ததும், இடைவெளி அளக்கும் தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினான்.

"என்ஜின் மூடியைக் கழட்டு."

"எதுக்குண்ணே?"

"வால்வு கருகிடும். இவ்வளவு இறுக்கமா வைக்கச் சொல்லி எந்தப் புஸ்தகத்துலடா போட்டிருக்கு?"

மனோல் தலையைச் சொறிந்தான். "புஸ்தகத்துல இல்ல. நீங்க சொன்னதுதான்."

"நானா?"

"போன திருநாளுக்கு, கொப்பரைகிட்ட நின்னுக்கிட்டு. 'உன் வண்டிக்குள்ள யாரோ தையல் மிஷின் ஓட்டுறாங்களேடா, பாவாடை தைச்சு முடிஞ்சுதா?'ன்னீங்க. ஊரே சிரிச்சுது. அதான் இந்த வருஷம் பிரிச்சப்போ, சத்தம் நிக்கிற வரைக்கும் இறுக்கினேன்."

வெலினுக்கு அந்தச் சிரிப்பு நினைவிருந்தது. கேலி மறந்துவிட்டிருந்தது.

மனோல் கைப்பிடியால் என்ஜினைச் சுற்ற, வெலின் தகட்டை நுழைத்து எட்டு வால்வுகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். வண்டியைக் கிளப்பியதும் டிக் டிக்கென்று சத்தம் திரும்பி வந்தது.

செம்பில் தண்ணீரோடு வந்த நெவ்யானா நின்றுவிட்டாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! நீங்க கையை வச்சீங்களா?"

"ஆமா, நான்தான் வச்சேன்."

மனோல் ஏதோ சொல்ல வந்தான். "ஊத்து, நேரமாகுது" என்றான் வெலின்.

கொப்பரை மூன்றாம் வளைவை இரண்டாம் கியரில் திணறாமல் ஏறியது. பின்னால், கண்ணாடியை இறக்கிவிட்டு, புழுதியைத் தின்றபடி வெலின் கேட்டுக்கொண்டே வந்தான். முன்னால் எட்டு வால்வுகளும் ஒரே சீராக அடித்தன. தன் வண்டியில் ஒன்று பிசகி அடிப்பது இப்போதுதான் காதில் பட்டது. இவ்வளவு நல்ல வேலையை அவன் கை சமீபத்தில் செய்ததில்லை. அது மனோலின் வண்டியில் போய்க்கொண்டிருந்தது.