சாமத்திய வீட்டு வாசலில் ஜெயந்தன்

ஜெயந்தன் மாரடைப்பில் போய்விட்டான் என்று எனக்குச் சொன்னவர் அவனுடைய தாய்மாமன் பரமேஸ்வரன். குரலில் ஈரமே இல்லை. "தம்பி, நீர் அவனோட விளையாடினனீர்தானே. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நாலு வசனம் எழுதித் தாரும். நான்தான் அவனை விளையாட்டில ஊக்குவிச்சனான் எண்டும் போடும்" என்றார். அவனை அறிந்தவர்களே, அந்தப் பொய்யை எழுத என் கை கூசுகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தில், கையால் பந்தெறிந்து முட்டிமோதி ஆடுகிற கனேடிய ஃபுட்போல் அணி ஊருக்கே பகிடி. பந்தெறியும் குவாட்டர்பக் ஜெயந்தன். ஆள் கட்டை. மலை மலையாக ஆட்கள் முன்னால் கூடி நின்றால் அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வந்த கோச் 'ஸ்ப்ரெட்' ஆட்டத்தைப் புகுத்தினார். நடுவில் குவிந்து முட்டாமல், பந்து பிடிப்பவர்களை மைதானத்தின் இரு கரை வரைக்கும் பரப்பி நிறுத்துவதுதான் அது. எதிரணியும் பரவியே ஆகவேண்டும். திறக்கிற இடைவெளியில் ஜெயந்தன் சட்டென்று எறிவான். பிடிப்பவர்களில் நானும் ஒருவன். "விலகி நில்லடா, பந்து உன்னைத் தேடி வரும்" என்பான். வந்தது. தோற்றே பழகிய அணி இறுதியாட்டம் வரைக்கும் போனது.

மாமனுக்கு அது "மாடு முட்டுற விளையாட்டு". இறுதியாட்டம் நடக்கும் அதே சனிக்கிழமை மிசிசாகாவில் ஹோல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜெயந்தனின் தங்கை மதுராவுக்குச் சாமத்திய வீடு என்கிற பூப்புனித நீராட்டு விழா வைத்தார். பிள்ளை பெரியபிள்ளையானது சித்திரையில், கொண்டாட்டம் கார்த்திகையில். ஹோல் கிடைத்த நாள்தான் நல்ல நாள், வீடியோக்காரர் வருகிற நேரம்தான் சுபநேரம். ஜெயந்தன் ஒரு கிழமை தள்ளி வைக்கக் கேட்டபோது மட்டும் அவருக்குப் பஞ்சாங்கம் ஞாபகம் வந்துவிட்டது.

"தமையன் இல்லாமல் சபையில என்னெண்டு நிக்கிறது? பந்தெறியப் போனியெண்டால் இந்தக் குடும்பத்தில நீ இல்லை" என்றார். ஜெயந்தனுக்குத் தகப்பன் இல்லை. தாய் எதற்கும் தன் தமையனான இந்த மாமனின் முகத்தைப் பார்த்தே நடப்பவர். "அம்மா, விளையாடிப்போட்டு நேர வாறன்" என்றான் ஜெயந்தன். அவர் அழுதார்.

வென்றோம். கிண்ணத்தோடு படமெடுக்கக்கூட அவன் நிற்கவில்லை. உடுப்பு மாற்றாமல், சேறும் தானுமாக என் காரில் ஏறினான். ஹோல் வாசலில் மாமன் கையை நீட்டி மறித்தார்.

"உந்தக் கோலத்தோடயோ உள்ளுக்க வரப்போறாய்? உனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

மதுரா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். பட்டுச் சேலை நிலத்தில் இழுபட, மாமனின் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள்.

"அண்ணா, வெண்டிட்டீங்களோ?"

"ஓம்."

"அப்ப வாங்கோ, படமெடுப்பம்."

வீடியோக்காரர் வெளிச்சத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தைக் கண்டதும் மாமன் ஓடிவந்து, மறித்த அதே கையை மருமகனின் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டினார். வெட்கம் கெட்ட மனிதர். அந்தப் படத்தைத்தான் இப்போது கல்வெட்டின் அட்டைக்குக் கொடுத்திருக்கிறாராம்.

படம் அவரோடேயே இருக்கட்டும். ஜெயந்தனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதில் விழாத ஒன்று. வெளிச்சம் அணைந்ததும் அவன் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, தாயின் முன்னால் போய் நின்றான். அவர் சேலைத் தலைப்பால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தார். மாமன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தாய் திரும்பிப் பார்க்கவில்லை.