காலியாகத் தெரிந்த தெரு

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஒரு கோடை நடுப்பகல். அரை நாளிலேயே முழு நாளுக்கும் களைத்துப்போய், அலுவலகத்திலிருந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் தெருக்கள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டும். முனைக்கு முனை இடமும் வலமும் பார்த்தாக வேண்டும். எனக்குக் கழுத்தைத் திருப்பக்கூட அலுப்பு. ஓரக்கண்ணால் பார்த்தேன். இடப்பக்கத் தெரு காலி. போனேன்.

ஓர் அலறல். அந்தக் காலித் தெருவிலிருந்து வந்த மீன்காரம்மா பின்னால் துள்ளி உயிர் தப்பினார். கூடை கவிழ்ந்து என் சக்கரத்தைச் சுற்றிலும் சங்கரா மீன்.

"பார்த்துத்தான் வந்தேன். அங்க யாருமே இல்லை" என்றேன். சத்தியமாக.

"அப்ப நான் யாரு, பேயா? தேங்காத்திட்டுலேர்ந்து கூவிக்கினே வர்றேன்யா!"

இறங்கி மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். "அவ்வளவுதான்" என்று எழுந்தேன். இடப்பக்கம் நாலு மீன் அப்படியே கிடந்ததாம். அந்தம்மா திட்டுவதை நிறுத்தினார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே நின்றார்.

"சார், என் மூக்கையே பாரு. திரும்பாத. நீட்டியிருக்கிற கையில என்னா இருக்கு?"

"எந்தக் கையில?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான். பக்கத்துலயே வல கெடக்கும், இல்லன்னுவாரு. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போ சார். வண்டிய தள்ளிக்கினு போ."

வெட்கக்கேடு என்னவென்றால், முந்தின வாரம்தான் வாசகர் வட்டத்தில் கண்மாயம் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். கண் காணாத இடத்தை மூளை தானே ஒட்டுப்போட்டு நிரப்பிவிடும் என்று படமெல்லாம் வரைந்து விளக்கினேன். கைதட்டினார்கள்.

மறுநாள் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரப்பார்வை எப்போதோ போய்விட்டிருந்தது. அந்த இடம் கறுப்பாகத் தெரிந்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். என் மூளையோ சுவரையும் வெயிலையும் வரைந்துவைத்து என்னைச் சமாதானப்படுத்தியிருந்தது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இன்றுவரை சொட்டு மருந்து காப்பாற்றுகிறது.

ஸ்கூட்டரை விற்றுவிட்டு நடக்கிறேன். முனைக்கு முனை நின்று கழுத்தை முழுசாகத் திருப்புகிறேன். கூட்டமான தெருவைத் தைரியமாகக் கடந்துவிடுவேன். யாருமே இல்லாமல் காலியாகத் தெரியும் தெருவில்தான் இன்றும் காலை எடுத்து வைக்கப் பயமாக இருக்கிறது.