வணக்கத்தோடு நின்றுபோன தலைவர்

போன ஞாயிற்றுக்கிழமை லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்சிக் கூட்டம். “நீங்களும் வாங்க சார், நம்ம பக்கத்துல இதுதான் மொதல் தடவ” என்று ரவி போன் பண்ணியிருந்தார். ரவி தலவாக்கலையில் போன் கடை வைத்திருப்பவர். கட்சியின் இளைஞர் அமைப்பாளரும் அவர்தான்.

அப்படி என்ன முதல் தடவை?

கொழும்பில் இருக்கும் தலைவர் இன்டர்நெட் வழியாகத் தோட்டத்து மக்களோடு நேரடியாகப் பேசப்போகிறாராம். அவர்கள் சொல்வதைக் கேட்கவும் போகிறாராம்!

போகாமல் இருக்க முடியுமா?

தோட்டத்து வாசிகசாலையில் நிற்க இடமில்லை. மேசையில் ரவியின் லெப்டொப், பக்கத்தில் ஸ்பீக்கர். லெப்டொப்பிலிருந்து ஒரு நீள வயர், அதன் நுனியில் டொங்கிள் என்கிற குட்டிக் கருவி. இன்டர்நெட்டைப் பிடித்துத் தரவேண்டியது அதன் பொறுப்பு. கடைசி வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

தலைவர் வந்தார் — திரையில்தான். “எல்லோருக்கும் வணக்கம்!” ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஒரே கைதட்டல். தலைவரும் சிரித்தபடி கையைத் தூக்கினார்.

முதலில் பேச வந்தவர் பரமேஸ்வரி. கொழுந்து பறிப்பவர். மேடேறிப் போனால் வருகிற லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில், ஒரே அறையில் குடும்பத்தோடு இருக்கிறார். அதற்கு முன் மைக் பிடித்தவரில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அய்யா, எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு எறங்கிக்கிட்டே வருதுங்க. செவுத்துல வெடிப்பு. போன மழைக்கு அதுக்குள்ள வெரல் போச்சு, இந்த மழைக்குக் கையே போகுது. மழ புடிச்சா புள்ளைங்கள தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுறோம். தோட்டத்துத் தொரைகிட்ட சொன்னா, கொழும்புல கேக்கணுங்கிறாரு. இன்னைக்குத்தான் கொழும்பே எங்க முன்னால வந்து நிக்கிது. மாடி வீடு கேக்கலைங்க அய்யா. மண்ணு வராத எடமா ஒரு துண்டு காட்டுங்க... தகரத்த அடிச்சிக்கிட்டு இருந்துக்குறோம்.”

அழவில்லை. குரல் உயரவும் இல்லை. எத்தனையோ மேடைப் பேச்சுக் கேட்டிருக்கிறேன் — இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

பக்கத்தில் இருந்தவர் என் காதருகே குனிந்தார். “அய்யா ஆடாம அசையாம கேக்குறாரு, பாத்தீங்களா?”

அப்போதுதான் திரையை உற்றுப் பார்த்தேன். தலைவரின் கை இன்னும் மேலேயே இருந்தது. அதே சிரிப்பு. பாதி திறந்த அதே வாய். மேசைக்குப் பக்கத்தில் ரவியைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே, தூறலில், டொங்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மலையின் அந்தப் பக்கம் சிக்னல் இருக்கிறது. இந்தப் பக்கம் இல்லை.

பரமேஸ்வரி மைக்கைக் கொடுத்துவிட்டு நேரே ஜன்னலருகே வந்தார். “தம்பி, அய்யா என்னா சொல்றாரு?”

பாவம் ரவி. பொய் சொல்லத் தெரியாத அமைப்பாளர்.

“அக்கா... லைன் கட்டாயிருச்சு. வணக்கம் சொன்னாரு, அதோட சரி.”

“அப்ப நா பேசுனது?”

“இங்க உள்ளவங்க எல்லாம் கேட்டாங்கதானே அக்கா.”

“இங்க உள்ளவங்களுக்குத் தெரியாததையா நா சொன்னேன்?”

ரவி டொங்கிளைக் கீழே இறக்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, ரவி அதோடு விட்டுவிடவில்லை. பரமேஸ்வரியை வாசலில் நிறுத்தி, தன் போனில் வீடியோ எடுக்கப் பார்த்தார். டவுனுக்குப் போனதும் தலைவருக்கு அனுப்பிவிடலாம் என்றார். பரமேஸ்வரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். “அய்யா, எங்க லயத்துக்குப் பின்னால...” நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் நின்றார்.

“அப்ப வந்தது இப்ப வரலையே தம்பி” என்றார். பிறகு, பிள்ளைகள் தனியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

மனதில் கிடப்பதை ஒரு மனுஷி முழுசாக எடுத்துச் சொல்வது அடிக்கடி நடக்கிற காரியமா? எத்தனை வருடம் பொறுத்திருந்து, எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பார்! அது அன்றைக்கு ஒரு படத்துக்கு முன்னால் கொட்டிப் போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கட்சி அனுப்பிய செய்தியை நேற்றுப் பத்திரிகையில் பார்த்தேன். ‘தோட்டத் தொழிலாளருடன் தலைவர் இணையத்தில் கலந்துரையாடல்.’ ஜனங்கள் கைதட்டுகிற படமும் இருந்தது.

ரவிக்குப் போன் பண்ணினேன். எடுத்த அந்த அரைகுறை வீடியோவை அன்றைக்கே அனுப்பிவிட்டாராம். கொழும்பிலிருந்து பதில் இல்லையாம். “பரமேஸ்வரி அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன். “ரெண்டு நாளா விடாத மழை சார். புள்ளைங்களோட கோயில்லதான் இருக்காங்க. அடுத்த கூட்டத்துல பேசுங்கன்னு கேட்டேன், மாட்டேன்னு தலைய ஆட்டிட்டாங்க” என்றார்.

கொழும்பிலிருந்து பக்கத்து நானுஓயா ஸ்டேஷனுக்குத் தினமும் ரயில் ஓடுகிறது. அதுவும் வழியில் சிக்னல் கிடைக்காமல் நிற்கும்தான்... ஆனால் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்!